கூட்டுத்தாபனம்: இதில் யாருடைய கூட்டு?

கொழும்பில் ஏதாவது ஓர் அரச நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தால், கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் தொழிற்சங்கங்கள் கூடும். சுலோக அட்டைகள் உயரும், போகிற வருகிறவர் கையில் துண்டுப்பிரசுரம் வந்து சேரும். அதன் தமிழ்ப் பகுதியில் அநேகமாக ஒரு சொல் இருக்கும்: கூட்டுத்தாபனம். கூட்டுத்தாபனத்தை விற்காதே, கூட்டுத்தாபனத்தைக் காப்பாற்று என்கிற கோரிக்கைகளில் வருவது. பேச்சில் நாம் கோப்பரேஷன் என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், அரச மரக் கூட்டுத்தாபனம் என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டு வாசகருக்கு இது பழக்கமில்லாத சொல். அங்கே போக்குவரத்துக் கழகம், பாடநூல் கழகம் என்பார்கள்.

சொல்லைப் பிரித்தால் கூட்டு, தாபனம் என்று இரண்டு. கூட்டு நம்முடையது, கூடு என்ற வினையிலிருந்து வந்தது. தாபனம், வடமொழி ஸ்தாபனத்தின் தமிழ் வடிவம். சொல்லின் முதலில் மெய்யெழுத்து நிற்பதைத் தமிழ் ஏற்காததால், ஸ்தலம் தலமானதுபோல ஸ்தாபனம் தாபனமாயிற்று. (உயர்ஸ்தானிகர் போன்ற சொற்களில் அந்த ஸ் நம் பத்திரிகைகளில் இன்றும் விடாப்பிடியாக நிற்கிறது.) ஸ்தா என்ற வேருக்கு நிற்றல் என்று பொருள். ஸ்தாபனம் என்றால் நிற்கச் செய்தல், அதாவது நிறுவுதல். சிங்களத்தில் இதற்குச் சங்ஸ்தாவ என்பார்கள். அதுவும் சம் என்ற ‘ஒன்றுசேர்ந்த’ முன்னொட்டோடு அதே ஸ்தா சேர்ந்ததுதான். ஆக, ஒரே பெயர்ப்பலகையில் இருக்கிற தமிழும் சிங்களமும் ஒரே கருத்தைச் சொல்கின்றன. ஆங்கிலச் சொல் வேறு வழியில் வந்தது. இலத்தீனில் கோர்ப்புஸ் என்றால் உடல். பலர் சேர்ந்து ஓர் உடலாவது கோர்ப்பரேஷன்.

சட்டம் எடுத்துக்கொள்வது இந்த உடலைத்தான். 1957ஆம் ஆண்டின் 49ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனங்கள் சட்டம், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் போன்றவற்றின்படி, கூட்டுத்தாபனம் என்பது சட்டத்தின் பார்வையில் ஓர் ஆள். அதற்கென்று ஒரு முத்திரை உண்டு. தன் பெயரில் வழக்குப் போடலாம், அதன்மேலும் வழக்குப் போடலாம். அமைச்சர் மாறலாம், தலைவர் மாறலாம், பணிப்பாளர் சபை முழுவதும் வீட்டுக்குப் போகலாம். கூட்டுத்தாபனம் அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில் கூட்டு என்ற சொல் ஆளைக் கொஞ்சம் குழப்பும். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்தான் உரிமையாளர். பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். பாராளுமன்றச் சட்டத்தால் நேரே உண்டான கூட்டுத்தாபனத்தில் அப்படிப்பட்ட உறுப்பினர் கிடையாது, பங்குதாரரும் கிடையாது. பணம் திறைசேரியுடையது, அதாவது நம் எல்லோருடையது. ஆனால் கணக்குக் கேட்க நமக்கென்று ஒரு கதிரை அங்கே இல்லை. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும், அதை வைத்து விசாரிக்கிற பாராளுமன்றத்தின் கோப் குழுவும் (அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் குழு)தான் உண்டு. அதனால்தான் உள்ளே வேலை செய்கிறவர்களின் சங்கம் வாயைத் திறப்பது முக்கியமாகிறது. எந்தக் கேள்விப்பத்திரம் (டென்டர்) யாருக்காக மாற்றப்பட்டது, எந்த இயந்திரம் எத்தனை வருடமாகத் திருத்தப்படாமல் கிடக்கிறது என்பது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

நட்டம் என்று வந்ததும் முதலில் எண்ணப்படுவது ஆட்களின் தலை. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஹெட்ஜிங் கதையைப் பாருங்கள். ஹெட்ஜிங் என்றால் விலை ஏற்ற இறக்கத்துக்கு எதிராக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்வது. எண்ணெய் விலை ஏறினால் பாதுகாப்பு வேண்டும் என்று 2007, 2008 ஆண்டுகளில் வங்கிகளோடு ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. 2008 பிற்பகுதியில் உலகச் சந்தையில் விலை சரிந்தது. ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய பக்கம் நாமானோம். பணம் கொடுப்பது இங்கே நிறுத்தப்பட்டதும் விவகாரம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2012இல் டொயிச் வங்கிக்கு மட்டும் 60 மில்லியன் டொலருக்கு மேல் இலங்கை செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த ஒப்பந்தங்களில் கொலன்னாவைக் களஞ்சியத்தின் பவுசர் சாரதியோ சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்தின் இயந்திர இயக்குநரோ கையெழுத்துப் போடவில்லை. பிழை நடந்த இடத்தையும் தண்டனை விழுகிற இடத்தையும் பிரித்துப் பார் என்று சங்கங்கள் கேட்பது நியாயமான கேள்வி.

கேட்டதற்கு இந்த நாட்டில் விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1980 ஜூலை வேலைநிறுத்தம் சம்பள உயர்வு கேட்டு நடந்தது. வேலைக்குத் திரும்பாதவர்கள் பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதப்பட்டார்கள். சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள். கொழும்பில் பழைய தொழிற்சங்கக்காரர் யாரிடம் பேசினாலும் பேச்சு எப்படியும் அந்த ஜூலைக்கு வந்து சேரும்.

அரச நிறுவனம் என்ற பொதுப் பெயரோடு நின்றுவிடாமல், எந்த வகை நிறுவனம் என்று பார்ப்பது வேலைக்கு ஆபத்து வரும்போது மிகவும் அவசியம். ரயில்வேயும் தபாலும் திணைக்களங்கள். அங்கே நிரந்தர ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. கூட்டுத்தாபனத்தில் பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதிதான். சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், வேலைகொள்வோர் 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலைகொள்வோர் 3 வீதம். நிர்வாகம் சீர்கெட்டால் இந்தப் பணம் மாதக்கணக்கில் கட்டப்படாமல் போகும். சம்பளச் சீட்டில் 8 வீதம் வெட்டியிருக்கும், நிதியில் அது வந்து சேர்ந்திருக்காது. அரசின் கையில் இருந்த பெருந்தோட்டங்களில் இந்தத் துயரம் பல வருடங்கள் நடந்தது. மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்த பல குடும்பங்களுக்கு அது கேள்விப்பட்ட கதை மட்டுமல்ல, அம்மாவுக்கு நடந்தது.

அப்புறம் கம்பனி. 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம், கூட்டுத்தாபனங்களைப் பொதுக் கம்பனிகளாக மாற்ற வழி திறந்தது. அரசே முழுப் பங்கையும் வைத்திருந்தாலும், கம்பனியானதும் பங்கு என்ற ஒன்று உண்டாகிவிடுகிறது, பங்கை விற்கலாம். காப்புறுதிக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் பிறந்து, 1993இல் கம்பனியாகி, 2003இல் தனியாருக்கு விற்கப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையைச் செல்லாது என்றது. இன்றும் அதன் பெயரில் கோப்பரேஷன் என்பதும் இருக்கிறது, லிமிட்டெட் என்பதும் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க ஏற்பாடு செய்தபோது ஊழியர் சங்கங்கள் ஏன் எதிர்த்தன என்பது, இந்த வேறுபாடு தெரிந்தால் விளங்கும்.

சரி, நல்ல தமிழில் என்ன சொல்லலாம்? கழகம் என்பது தமிழ்ச் சொல்தான். ஆனால் அதன் பழைய வரலாறு வேறு, திருக்குறளில் அது சூதாடும் இடம். இங்கே கழகம் என்றதும் பல்கலைக்கழகமும் விளையாட்டுக் கழகமும்தான் மனதில் வரும். நிறுவனம் சரியாகப் பொருந்துகிறது. நிறுவு என்பதிலிருந்து வந்ததால் ஸ்தாபனத்தின் அதே பொருளைத் தருகிறது. எனவே கூட்டு நிறுவனம் என்பதே நேரான தமிழ். பொதுவாக எழுதும்போது அரச கூட்டு நிறுவனம் என்று எழுதலாம், யாருக்கும் புரியும். சட்டப் பெயர்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். மனுவிலோ தொழில் ஆணையாளருக்கு எழுதும் கடிதத்திலோ, சட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெற்றோலியக் கூட்டுத்தாபனம் என்று இருக்கட்டும். பெயர் மாறினால், எந்த நிறுவனத்தைச் சொல்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிலேயே ஒரு தவணை கேட்பார்.

துண்டுப்பிரசுரம் அச்சடிப்பவர்களுக்கு எழுத்துப் பற்றி ஒரு குறிப்பு. கூட்டு என்பது வன்றொடர்க் குற்றியலுகரம், அதன் பின் வல்லினம் மிகும்; ஆகவே த் கட்டாயம் வேண்டும். கூட்டுதாபனம், கூட்டுத்தாபணம் இரண்டும் பிழை. முன்னால் வரும் பெயர் ம் என்று முடிந்தால் அந்த ம் கெட்டு க் வரும்: பெற்றோலியம், பெற்றோலியக் கூட்டுத்தாபனம்.