நடுக்கடலில் உடைந்த பாகத்துக்கு என்ன மாற்று?

கரை கண்ணுக்கே தெரியாத இடத்தில் படகின் இன்ஜின் மக்கர் செய்தால், கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். உடைந்த பாகம் மாதிரியே இருக்கும் ஒன்றைத் தேடத்தான் முதலில் கை போகும். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பாகம் இதுவரை என்ன வேலை பார்த்தது?

உடைவதையே வேலையாகக் கொண்ட பாகமும் உண்டு. படகின் பின்புறம் வெளியே மாட்டும் சிறிய அவுட்போர்டு இன்ஜின்கள் பலவற்றில் ஷாஃப்டின் சுழற்சியை புரொப்பல்லருக்குக் கடத்துவது ஷியர் பின் என்ற, விரலளவுகூட இல்லாத ஒரு சிறு ஆணி. புரொப்பல்லர் பாறையில் மோதினால் அது பட்டென்று அறுந்துவிடும், உள்ளே இருக்கும் கியர் தப்பிக்கும். "இனி உடையவே கூடாது" என்று அந்த இடத்தில் டிரில் பிட்டின் காம்பைச் செருகினால், அடுத்த மோதலின் அடி முழுவதும் கியருக்குப் போகும். சாதாரண இரும்பு ஆணியையோ பித்தளைக் கம்பியையோ அளவாக வெட்டிப் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். அது மறுபடி அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து கேஸ்கெட், அதாவது இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் தகடு. சமதளமாகத் தெரியும் இரண்டு உலோக முகங்களுக்கு இடையிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கும். அவற்றை நிரப்ப மென்மையான ஒரு தகடு போதும். தண்ணீர் பம்பின் மூடி, தெர்மோஸ்டாட் மூடி போன்ற இடங்களில் மெல்லிய அட்டையில் கிரீஸ் தடவிப் போட்டாலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கத்தரிக்கோல்கூட வேண்டாம். அட்டையை மூடியின் மேல் வைத்து, விளிம்பை ஒட்டிச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால், உலோகத்தின் ஓரமே அட்டையை அச்சாக வெட்டிக் கொடுக்கும். ஆனால் பம்ப் மூடியில் தடிமன் முக்கியம். தடித்த அட்டை போட்டால், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி கூடி, பம்ப் தண்ணீரைச் சரியாக இழுக்காது. சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் பக்கம் அட்டையைக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே எரியும் வாயுவின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அது ஒரு நொடி தாங்காது.

எனக்கு மிகவும் பிடித்தது செம்பு வாஷர். டீசல் குழாய் இணைப்புகளில் நசுங்கி, கசிவை அடைக்கும் வளையம் இது. ஒருமுறை நசுங்கியதும் செம்பின் உள்ளே படிக அமைப்பு குலைந்து உலோகம் விறைத்துவிடும். மறுபடி முறுக்கினால் வளைந்து கொடுக்காது, டீசல் கசியும். அதை இடுக்கியில் பிடித்து, எரிபொருள் வாடை இல்லாத இடத்தில், அடுப்புத் தீயில் மங்கிய சிவப்பாகும் வரை காட்டுங்கள். சூட்டில் படிகங்கள் புதிதாக வளர்ந்து செம்பு பழையபடி இளகும். அப்புறம் தண்ணீரில் போட்டாலும் பரவாயில்லை. கத்தி செய்யும் எஃகுதான் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் இறுகும், செம்புக்கு அந்தக் குணம் கிடையாது. மேலே படிந்த கறுப்பைத் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டியதுதான்.

ரப்பரில் ஏமாறுபவர்கள் அதிகம். டயர் டியூபில் வெட்டிய துண்டு தண்ணீர்க் குழாயின் விரிசலுக்கு அருமையான கட்டு. அதே துண்டை டீசல் குழாயில் சுற்றினால் எண்ணெயை உறிஞ்சி ஊதிப்போய் நெகிழ்ந்துவிடும். டியூபில் பெரும்பாலும் இருப்பது பியூட்டைல் ரப்பர். எண்ணெயைத் தாங்குவது நைட்ரைல் வகை.

டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் பழுதானால், ஒரு கேனில் டீசலை நிரப்பி இன்ஜினை விட உயரத்தில் இறுகக் கட்டி, குழாய் வழியே இறக்கலாம். புவியீர்ப்பே பம்பின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். குழாயில் புகுந்த காற்றை மட்டும் முழுக்க வெளியேற்றிவிட வேண்டும். பெட்ரோலில் இந்த வித்தை கூடாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும்.

கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் உயர் அழுத்தக் குழாய். அதில் விரிசல் விட்டால் எந்தக் கட்டும் நிற்காது. ஓடும்போது கையால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பிலிருந்தே தனிக் குழாய் போகும் பழைய வகை இன்ஜின் என்றால், அதை நிறுத்திவிட்டு அந்தக் குழாயைக் கழற்றி, பம்பில் அது இருந்த வாயிலிருந்து வரும் டீசல் ஒரு கேனில் விழும்படி டியூப் மாட்டலாம். மூன்று சிலிண்டர் இன்ஜின் இரண்டோடு ஓடும். குலுங்கும், வேகம் குறையும், கேனையும் அவ்வப்போது காலி செய்ய வேண்டும். ஆனாலும் கரை வந்துவிடும்.