மருந்தில் கலப்படமா, கொசு மாறிவிட்டதா?

"தெருவுல புகை அடிச்சுட்டுப் போன அரை மணி நேரத்துல மறுபடியும் கடிக்குது. மருந்துல கலப்படம் பண்றாங்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

புகை, பறக்கும் கொசுவைத்தான் பிடிக்கும். பீரோவுக்குப் பின்னால் இருப்பது தப்பிவிடும். அது போக, பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் சில கொசுக்கள் பிழைத்து முட்டையிட்டு, சில ஆண்டுகளில் ஊர்க் கொசுவே அப்படியாகிவிடுவதும் உண்டு.

இதைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த சோதனை ஒன்று இருக்கிறது. புழுவாகப் பிடித்து வந்து வளர்த்த, 3 முதல் 5 நாள் வயதான, இரத்தம் குடிக்காத பெண் கொசுக்கள் 20, 25ஐ மருந்துத் தாள் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் குழாய்க்குள் மெல்ல ஊதி விடுவார்கள். அதற்குச் சிவப்புப் புள்ளி அடையாளம். ஒரு மணி நேரம் கழித்து மருந்தில்லாத பச்சைப் புள்ளிக் குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு வைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் எண்ணுவார்கள். எத்தனை கால் உதிர்ந்திருந்தாலும், பறந்தால் அது உயிருள்ள கொசு. நூற்றுக்கு 98 செத்தால் மருந்து கேட்கிறது. 90க்குக் கீழே இறங்கினால் எதிர்ப்பு வந்துவிட்டது.

பிழைத்த கொசுவின் நரம்புக்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நரம்பில் சோடியம் நுழையும் வாசல்கள் உண்டு. கண்ணிமைப்பதற்குள் திறந்து மூடிவிட வேண்டும். பைரித்ராய்டு என்ற வகைக் கொசு மருந்து அந்தக் கதவிடுக்கில் ஆப்பாகச் செருகிக்கொள்கிறது. கதவு சாத்தாததால் நரம்பு ஓயாமல் துடிக்கிறது. கொசு மல்லாந்து விழுந்து காலை உதறுகிறது. இந்த வாசல் புரதத்தில் கண்ணிகளாகக் கோத்த இரண்டாயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள். அதில் 1014ஆம் இடத்து லியூசினுக்குப் பதில் ஃபினைல்அலனின் வந்துவிட்டால் ஆப்பு சரியாக உட்காராது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும்! மேற்கு ஆப்பிரிக்க மலேரியா கொசுவில் இதை 1998இல் அறிவித்தார்கள். 1014 என்பது வீட்டு ஈயின் புரதத்தை வைத்து எண்ணிய எண். இந்த மாற்றம் முதலில் தெரியவந்தது ஈயில். டெங்குவைப் பரப்பும் ஏடிஸில் பெரும்பாலும் 1016, 1534 ஆகிய இடங்கள் மாறுகின்றன.

டிடிடி என்ற பழைய பூச்சிமருந்தும் இதே வாசலில்தான் வேலை செய்கிறது. அதனால் டிடிடியை விட்டு பைரித்ராய்டுக்குப் போனாலும் பயன் குறையலாம். மாலத்தியான் என்ற இன்னொரு மருந்து தாக்குவது இந்த வாசலை அல்ல, ஒரு நொதியை. நம் வீட்டுக் கொசுவர்த்திச் சுருளும் மின்பிளக்கில் செருகும் கொசுவிரட்டித் திரவமும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகையே.

புகை அடிப்பது ஊருக்கே தெரிகிறது. கொசு எண்ணும் பூச்சியியலாளர் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் அவருக்குச் சம்பளமும் கொசு வளர்க்க ஓர் அறையும் ஒதுக்காமல் மருந்துக்குப் பணத்தைக் கொட்டுவது தவறு என்பேன்.

வாசகரின் சந்தேகத்தைத் தீர்க்கவும் அந்த அறைதான் வேண்டும். மருந்து படாமலே பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களில் வளரும் 'ராக்ஃபெல்லர்' என்ற ஏடிஸ் வகை இருக்கிறது. அதே மருந்தை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். அதுவும் சாகாவிட்டால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டியதுதான். அது செத்து, தெருக்கொசு பிழைத்தால் மாறியிருப்பது கொசு.