"அலட்சியம்" என்று எழுதினால் முடிந்துவிட்டதா?

மறுபடியும் ஒரு மெமோ. இந்தத் தடவை நைட் டியூட்டியில் இருந்த நர்ஸ், சின்னப் பெண்ணுக்கு. 7-ஆம் பெட்டில் முருகேசன், 8-இல் முருகன் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). முருகேசனுக்குப் போட வேண்டிய இன்சுலினை முருகனுக்குப் போட்டுவிட்டாள். மனிதருக்கு வியர்த்துக் கொட்டி, சுகர் 48-க்கு இறங்கி, டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றிய பிறகு பிழைத்துக்கொண்டார். மெமோவில் காரணம் ஒரே சொல்: அலட்சியம்.

மும்பை ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக 22 வருடம் ஓட்டிவிட்டேன். இந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. அன்றிரவு வார்டில் 28 நோயாளிகள், இரண்டே நர்ஸ். இவள் மருந்து எடுக்கும்போது ஒருவர் டிரிப் நின்றுபோச்சு என்கிறார், போன் அடிக்கிறது, இன்னொருவர் பில் கவுண்டர் எங்கே என்கிறார். கையில் கட்டும் பெயர்ப் பட்டை அடிக்கிற பிரிண்டர் மூன்று நாளாக ரிப்பேர். இதில் எது அவள் அலட்சியம்?

"கை சுத்தம் பண்ணக்கூடச் சோம்பல்" என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். ஒரு நோயாளியிடம் இரவில் 6 தடவை போகிறாள். தொடுமுன் ஒன்று, தொட்டபின் ஒன்று. 28 பேரில் அவள் பங்கு 14 பேர், மொத்தம் 168 தடவை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற 20 விநாடி ஹேண்ட் ரப் (தண்ணீர் இல்லாமல் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) தேய்த்தாலே 56 நிமிடம். சோப்பு என்றால் குறைந்தது 40 விநாடி, வாஷ்பேசின் வார்டின் கோடியில். ஜெனீவாவில் டாக்டர் டிடியே பிட்டே குழு ஒரு ஆஸ்பத்திரியில் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: வேலை நெருக்க நெருக்கக் கை சுத்தம் குறைகிறது. அதே ஆய்வில் டாக்டர்கள் நர்ஸ்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ரவுண்ட்ஸில் ஒரு ஜூனியர் சிஸ்டர் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்!

நாமோ நைட் முடித்தவளை உட்காரவைத்து இன்னொரு டிரெய்னிங் கொடுக்கிறோம். கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டாயிற்று.

நிர்வாகம் முதலில் பிரிண்டரைச் சரிசெய்யட்டும். ஒவ்வொரு பெட்டிலும் ஹேண்ட் ரப் தொங்கட்டும். ஒரே மாதிரிப் பெயர்களை அடுத்தடுத்துப் போடாதீர்கள்.

சிஸ்டர்களே, "முருகேசன்தானே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் யாரும் தலையாட்டுவார்கள். தாராவியிலிருந்து வரும் நம் பெரியவர்களோ இந்தியில் எதைக் கேட்டாலும் ஆட்டுவார்கள். என் அப்பாவே அப்படித்தான். "ஆப்கா நாம்?" (உங்கள் பெயர்?) என்று கேளுங்கள், பெயர் அவர் வாயிலிருந்து வரட்டும். பிறகு பட்டையில் ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) பாருங்கள். பட்டை இல்லையா? ஊசியைக் கீழே வைத்துவிட்டு இன்சார்ஜைக் கூப்பிடுங்கள். திட்டினால் என்னைத் திட்டட்டும்.

கூட இருக்கிறவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மருந்து டிராலி முன்னால் நிற்கும் சிஸ்டரிடம் இரண்டு நிமிடம் பேசாதீர்கள். ஊசி போட வந்தால் "இது என்ன மருந்து, யாருக்கு?" என்று தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சம்பவப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில், "28 நோயாளிகள், 2 நர்ஸ், பட்டை இல்லை" என்று எழுதி அனுப்பினேன். நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. தவறு செய்தவர் பெயரை மட்டும் எழுதவும் என்று பென்சிலில் குறிப்பு. பேனாவால் அதே மூன்றையும் மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன்.