பனிமூட்டம் முதலில் விழுங்கும் கோடு

நுவரெலியாவில் ஹோட்டல் பெயர்ப்பலகைக்கோ தேயிலைப் பெட்டிக்கோ சற்று மிடுக்கு வேண்டுமென்றால், நெட்டையாகவும் ஒடுக்கமாகவும் அமைந்த ஓர் ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் நிற்கும் கோடுகள் தடித்திருக்கும். குறுக்குக் கோடுகளும், செரிஃப் எனப்படும் நுனியிலுள்ள சிறு முடிப்புக் கோடுகளும் மயிரிழையாக மெலிந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் தீதோ அச்சகக் குடும்பத்தினரும் இத்தாலியின் பார்மாவில் அச்சாளர் போதோனியும் வளர்த்தெடுத்த வகையின் வழிவந்தது இது. கூர்முனைப் பேனாவை அழுத்திக் கீழே இழுத்தால் முனை விரிந்து கோடு தடிக்கும், அழுத்தாமல் நகர்த்தினால் மெலியும். அந்த வேறுபாட்டை உலோக அச்சில் நுணுக்கமாக வெட்டவும் வழவழப்பான தாளில் சிதையாமல் பதிக்கவும் முடிந்ததால்தான் இவ்வகை நிலைத்தது.

எழுத்தை ஒடுக்கினால், அதே அகலமுள்ள பலகையில் அதே பெயரை இன்னும் உயரமாக எழுதலாம். ஆனால் கணினியில் சாதாரண எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குவது ஒடுக்கமாகாது. அகலத்தை 60 வீதமாகக் குறைத்தால் நிற்கும் கோடுகளும் 60 வீதமாக மெலிய, குறுக்குக் கோடுகள் இருந்தபடியே இருப்பதால், தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கரைந்துவிடும். திருவிழா நோட்டீஸில் உபயகாரர் பெயர்களை ஒரே வரியில் அடக்க இப்படி நெருக்குவதுண்டு, பார்க்கச் சகிக்காது. முறையான ஒடுக்க எழுத்தில் கோட்டின் தடிப்பைப் பெரும்பாலும் காத்து, எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் குறைத்துப் புதிதாகவே வரைகிறார்கள்.

சிக்கல் தூரத்தில்தான் தொடங்குகிறது. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் நுணுக்கம் ஏறத்தாழ ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. 20 மீற்றர் தொலைவில் அது சுமார் 6 மில்லிமீற்றர். 30 சென்ரிமீற்றர் உயர எழுத்தில் மெல்லிய கோடு உயரத்தின் 50இல் ஒரு பங்கு என்றால், அதுவும் சரியாக 6 மில்லிமீற்றர்தான். அதற்கப்பால் கோடு உடனே மறைவதில்லை. பின்னணியோடு கலந்து வெளிறத் தொடங்குகிறது. 40 மீற்றரில் அதன் கருமை ஏறக்குறைய பாதியாகிவிடும், 5 சென்ரிமீற்றர் தடித்த கோட்டுக்கோ அங்கே ஒன்றும் ஆகாது.

இதன் மேல் பனிமூட்டம் கவிகிறது. நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் எழுத்துக்கும் பலகைக்கும் உள்ள வேறுபாடு தூரத்தோடு அடுக்கடுக்காகக் குறையும். வானிலையாளர் கணக்கில் பார்வைத்தூரம் 60 மீற்றராக உள்ள மூட்டத்தில், 40 மீற்றரில் மிஞ்சுவது சுமார் 14 வீதம். தடித்த கோட்டுக்கு அது போதும். ஏற்கெனவே பாதியிழந்த மெல்லிய கோட்டுக்கு 7 வீதமே எஞ்சுவதால், அது கண்ணின் எல்லையை நெருங்கிவிடுகிறது.

இந்தப் பாணியைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் இழப்பு இன்னும் பெரிது. ‘ட’வின் அடிக்கோடு மறைந்தால் எஞ்சுவது ஒரு குச்சி, ‘ப’வில் எஞ்சுவது இரண்டு குச்சி. ஒடுக்கும்போது ‘ண’வின் சுழிகளும் அடைபடும். ஆகவே தமிழில் அடிக்கோட்டை மயிரிழையாக்காமல், நிற்கும் கோட்டின் பாதித் தடிப்பாவது கொடுத்து, மெலிவை வளைவுகளின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வைப்பதே தகும் என்பது என் கருத்து. கையிலெடுத்துப் பார்க்கும் தேயிலைப் பெட்டிக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அங்கே மயிரிழை மயிரிழையாகவே இருக்கலாம்.