பிள்ளை ஓடியாடுகிறது, மருந்தை நிறுத்தலாமா?

நாகர்கோவில் பக்கம் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ அனுப்பிவைப்போம். சிகிச்சை தொடங்கி வீடு திரும்பிய பிறகு இடையில் வரும் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை எல்லாம் பெரும்பாலும் எங்களிடம்தான். அப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி: "பிள்ளைக்கு சுகமாயிட்டே டாக்டரே, இனியும் எதுக்கு மருந்து?"

கேட்பதில் தப்பே இல்லை. பிள்ளைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயில், முதல் மாதச் சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலானவர்களுக்கு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புற்றணு தென்படாது. சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு புண்ணியத்தில் நன்றாகப் பசிக்கும், கன்னம் உப்பும். அப்பாவோ அருமனையில் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் கூலி போச்சு. நிறுத்திவிடலாம் என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் நோய் அப்போது போய்விடவில்லை, ஒளிந்திருக்கிறது. இந்த உண்மையை மருத்துவ உலகமே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். உடன்பிறந்த இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தில் அவருடைய குழு, அந்த நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை 1945-ல் செயற்கையாகத் தயாரித்தது. அந்த வகைப் பொருள்களைக் கொடுத்தபோது லுக்கீமியா வேகமெடுப்பதுபோல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பருக்குப் பட்டது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கிற மருந்து கொடுத்தால் என்ன? சுப்பாராவ் குழு அமினாப்டெரின் என்ற அப்படிப்பட்ட மருந்தைச் செய்து கொடுத்தது. 1948-ல் வெளியான ஆய்வில், மருந்து பெற்ற 16 பிள்ளைகளில் 10 பேர் தேறினார்கள். சில மாதங்களில் நோய் திரும்பியது. சுப்பாராவும் அதே ஆண்டு இறந்துபோனார். சென்னையில் படித்த இந்த மனிதரை நம் பாடப்புத்தகங்கள் ஏன் இவ்வளவு லேசாக விட்டுவிட்டன என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஒரே மருந்தால் முடியாது, கொஞ்ச நாளில் முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. அப்புறம் கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்ற விஞ்ஞானிகள் மெர்காப்டோபூரின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற மருந்து வந்தது. அமெரிக்காவில் 1962-ல் தொடங்கிய செயிண்ட் ஜூட் மருத்துவமனையில் டாக்டர் டொனால்ட் பிங்கல் எல்லாவற்றையும் சேர்த்து, வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பத்தாண்டின் முடிவில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். மருந்தை இரண்டு, இரண்டரை வருடம் கொடுக்கச் சொல்லும் கணக்கு இப்படி வந்ததுதான்.

நித்தியகல்யாணி நம்மூரில் வேலியோரம், கல்லறைத் தோட்டம் எங்கும் பூக்கிறது. இலையை அரைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் அளந்து கொடுக்க முடியாது, விஷமாகிவிடும்.

வீட்டில் மருந்து கொடுக்கிற காலத்தில் எனக்குப் பெரிய பயம் மீத்தோட்ரெக்ஸேட் மாத்திரைதான். சுப்பாராவ் குழுவின் மருந்துக்கு நேர் தம்பி இது. வாரம் ஒருமுறை மட்டும்! மெர்காப்டோபூரின் தினமும். இரண்டும் மாறிப்போனால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. ஒரு கிழமையை முடிவு செய்து, காலண்டரில் அந்தத் தேதிகளை மட்டும் வட்டம் போடுங்கள். ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்த பிறகு என்று வைத்துக்கொண்ட வீடுகளில் மறதி குறைவு.

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் கிளம்பி வாருங்கள்.

இன்னும் நோய் கண்டுபிடிக்காத பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோல் நீலமாகக் கன்றுவது, காரணமில்லாமல் நொண்டுவது — இவை இருந்தால் டானிக் மாற்றிக்கொண்டிருக்காமல் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் யாரும் ஸ்டீராய்டு கொடுத்துவிடக் கூடாது. தற்காலிகமாகத் தேறியதுபோல் காட்டி நோயையே மறைத்துவிடும்.

பள்ளிக்குத் திரும்பலாமா என்றால், சிகிச்சை தரும் டாக்டர் சரி சொன்னதும் தாராளமாக அனுப்புங்கள். வகுப்பாசிரியரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். நம்மூரில் அம்மையை வெளியே சொல்ல மாட்டார்கள். இந்தப் பிள்ளைகளுக்கோ அது நுரையீரல்வரை போகும். உடனே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம்.