விபத்தை அலசிக்கொண்டிருப்பவரும் துக்கத்தில்தான் இருக்கிறார்

அந்த விமானி என் எதிரே வந்து அமர்ந்த முதல் 40 நிமிடங்களில், இறந்துபோன நண்பரின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மேசையிலிருந்த என் குறிப்பேட்டை இழுத்து ஒரு மலைச்சரிவை வரைந்தார். அதன் மேலே ஒரு வளைகோட்டை வரைந்தார். இந்த இடத்தில் உயரம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, இங்கேயே திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும், இரண்டு நொடி தாமதித்துவிட்டான் என்று விளக்கிக்கொண்டே போனார். அவர் வந்தது தூக்கம் வரவில்லை என்பதற்காக. விபத்து நடந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. நான்காம் நாளே அவர் மீண்டும் பறக்கத் தொடங்கிவிட்டார். "இரண்டு நொடி" என்று சொல்லும்போதெல்லாம் பேனா முனை அதே புள்ளியில் அழுந்தியதில், அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது.

ஆயுதப்படை விமானக் குழுவினருக்கு மனநல ஆலோசகராகப் பணியாற்றிய ஆண்டுகளில், இந்த வளைகோட்டை வெவ்வேறு கைகள் வெவ்வேறு தாள்களில் வரைந்து பார்த்திருக்கிறேன். (இங்கே வருகிறவர்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றும். நண்பன் போய்விட்டான், இவரோ தப்புக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று வீட்டார் மனம் கசந்துபோவார்கள். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். துக்கத்தைத் தொடாமல் இருப்பதற்காகத் தொழில்நுட்பத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள் என்று குறிப்பெழுதிய நாட்களும் உண்டு. இன்று அந்தக் குறிப்புகளை நான் ஏற்கமாட்டேன். அந்த அலசல்தான் அவர்களுடைய துக்கம்; அவர்கள் பழகிய மொழியில் அது வெளிப்படுகிறது, அவ்வளவே.

காரணம் இல்லாமல் விமானம் விழாது என்பதுதான் பறக்கக் கற்றுக்கொள்பவர் பெறும் முதல் பாடம். அவர் கையில் இருக்கும் சரிபார்ப்புப் பட்டியலின் பல வரிகள், முன்பு யாரோ உயிரைக் கொடுத்த பிறகு எழுதப்பட்டவை. ஒவ்வொரு முறை பறந்து இறங்கிய பின்னும் குழுவாக உட்கார்ந்து, எங்கே பிசகியது என்று ஒளிவுமறைவின்றிப் பேசுவது அவர்களுடைய அன்றாட வழக்கம். அப்படிப்பட்டவருக்கு நண்பனின் கடைசிப் பயணத்தை மட்டும் பேசாமல் விட்டுவிடுவது, அவனைப் பாதி வழியில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர்களே வாய்விட்டுச் சொல்வது அரிது. நண்பன் செய்த தவறு எதுவென்று தெரிந்துவிட்டால், "நான் அதைச் செய்யமாட்டேன்" என்ற நம்பிக்கையோடு நாளைக் காலை அதே வகை விமானத்தில் ஏறி உட்கார முடியும். தவறு எதுவும் அகப்படாவிட்டால் அந்த இருக்கையில் தானும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் கூடவே பறக்கும். ஆகவே மனம் தவறைத் தேடுகிறது, பெரும்பாலும் கண்டுபிடித்தும் விடுகிறது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேதனை தொடங்குகிறது. செத்துப்போன நண்பனைக் குற்றவாளியாக்கிவிட்டுத் தான் நிம்மதி தேடிக்கொண்டோம் என்ற உறுத்தல் அது.

என்னிடம் வந்த விமானியின் தூக்கத்தைக் கெடுத்ததும் இதுதான் என்பது மூன்றாவது சந்திப்பில் தெரிந்தது. இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் நண்பரின் மனைவி அவரிடம், "அவர் ஏதாவது தப்புப் பண்ணிட்டாரா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லம்மா, அவன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று இவர் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதே மனதுக்குள் அந்த வளைகோடு ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பில் அதன்பின் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

இப்படி அலசுகிறவர் அருகில் இருப்பவர்கள் பேச்சை வெட்டிவிடவும் கூடாது, சேர்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லவும் கூடாது. "போனவரைப் பற்றி இப்படிப் பேசலாமா" என்று அதட்டினால் அவர் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார். கேள்வியைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்துவது உதவுகிறது. "அந்தத் திருப்பத்தை அவர் வழக்கமாக எப்படிச் செய்வார்?" என்று நான் கேட்டேன். திருப்பத்துக்கு முன் தொண்டையைச் செருமுவான், வானொலியில் எல்லோருக்கும் கேட்கும், நாங்கள் கிண்டல் செய்வோம் என்று சொல்லிச் சிரித்தவர், அந்தச் சிரிப்பிலேயே உடைந்து அழுதார்.

குரல் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விசாரணையில் விமானி அறை ஒலிப்பதிவில் பேசுவது யார் என்று அடையாளம் காட்டுவதற்கு, அந்தக் குரலை நன்கறிந்த சக விமானிகளை அழைப்பது உண்டு. விசாரணைக்கு அது தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் உயிர்த்தோழனை அழைத்து உட்காரவைத்து, கடைசி நிமிடங்களைக் கேட்கச் செய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிற்பகல் பணிக்கு அனுப்பிவைப்பதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்திருக்கிறது. குரல் தெரிந்த, ஆனால் அவ்வளவு நெருக்கமில்லாத ஒருவரை அழைக்கலாம். பதிவு எவ்வளவு நேரம், எந்த இடத்தில் முடியும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அன்று அவரைப் பறக்க விடாமல், மாலைவரை யாராவது உடன் இருக்கச் செய்யலாம். இவற்றுக்குத் தனியாகச் செலவு எதுவும் இல்லை.

விமானப் படைகளின் மௌனத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். திரும்பி வராத குழுவினரின் உடைமைகளைச் சேகரித்துக் குடும்பத்துக்கு அனுப்பத் தனி அலுவலர்களே இருந்தார்கள். கட்டில்கள் காலிசெய்யப்பட்டு, விரைவிலேயே புதியவர்கள் அங்கே படுத்தார்கள். தொடர்ந்து பறக்க முடியாது என்று சொன்னவர் மீது "மன உறுதி இல்லாதவர்" என்ற முத்திரை குத்தப்பட்டது. அந்தப் போர்ச்சூழலில் வேறு வழி இருந்ததா என்று இன்று தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. எனினும், துக்கத்தைக் காட்டினால் பறக்க விடமாட்டார்கள் என்ற அச்சம் மட்டும் தலைமுறை தாண்டி இன்றும் உயிரோடு இருக்கிறது.

அந்த அச்சத்தால்தான் விமானக் குழுவினரின் துக்கம் மாறுவேடத்தில் வருகிறது: முதுகுவலி, எரிச்சல், வீட்டில் சண்டை, வழக்கத்தை மீறிய குடி. சிலர் படைப்பிரிவு மருத்துவருக்குத் தெரியாமல் வெளியில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இதில் சமாதானத்துக்கே இடமில்லை. தூக்க மாத்திரைகளும், தூக்கம் தரும் சளி, ஒவ்வாமை மாத்திரைகளும் மறுநாள் பறக்கும்போது கவனத்தையும் முடிவெடுக்கும் வேகத்தையும் மந்தமாக்கக்கூடியவை. ஒரு மரணத்தின் துக்கம் அடுத்த மரணத்துக்குக் காரணமாகிவிடும். மருத்துவர்கள் இதை எச்சரிக்கையாக மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளக் கூடாது. எந்த நிலையில் பறப்பிலிருந்து விலக்குவோம், ஏறக்குறைய எத்தனை நாட்களுக்கு, திரும்பி வரும் வழி என்ன என்பதை விபத்து எதுவும் நடக்காத சாதாரண நாளிலேயே படைப்பிரிவுக்குச் சொல்லிவைத்தால், பலர் தாமாகவே வந்து கதவைத் தட்டுவார்கள்.

இதுவரை விமானிகளைப் பற்றியே பேசிவிட்டேன். எல்லோரும் செய்வது இதுதான். கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989-இல், சமூகம் கணக்கில் எடுத்துக்கொள்ளாத துக்கத்துக்குத் தனிப்பெயர் கொடுத்து எழுதினார். விமானத் தளத்தில் அப்படிப்பட்ட துக்கம் ஏராளம். கடைசி வாக்கியத்தைக் காதில் கேட்ட கட்டுப்பாட்டுக் கோபுரப் பணியாளர், அன்று பணி முறையை மாற்றிக்கொண்டு ஓய்வெடுத்தவர், பாராசூட்டை மடித்துக் கொடுத்தவர் ஆகியோரிடம் யாரும் போய்த் துக்கம் விசாரிப்பதில்லை. ஒரு தொழில்நுட்பப் பணியாளரை நினைத்துக்கொள்கிறேன். அன்று காலை விமானத்தைச் சோதித்து, பறக்கத் தகுதியானது என்று பதிவேட்டில் கையெழுத்திட்டவர் அவர். விபத்துச் செய்தி வந்த உடனேயே, விதிப்படி அந்தப் பதிவேட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். விமானியின் இருக்கைப் பட்டைகளை மாட்டிவிட்டு, தோளில் தட்டி அனுப்பிவைத்தவரும் அவரே. துக்கமும் சந்தேகமும் ஒரே நேரத்தில் தலையில் விழுந்த அந்த மனிதர், விசாரணை முடிந்த பல மாதங்கள்வரை, விமானம் நின்றிருந்த இடத்தில் கிடந்த சக்கர முட்டுக்கட்டைகளைத் தினமும் எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பழுது பராமரிப்பில் இல்லை என்று அறிக்கை வந்தபோது எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள். "இனியாவது அழலாமா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

உடல் கிடைக்காத இழப்பு இன்னும் வேறு வகை. 1970-களில் பாலின் பாஸ் என்ற உளவியலாளர், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்ததன் வழியாகவே, முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்தை வகுத்தார். நம் நாட்டில், 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்கக்கடலின் மேல் மறைந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதனுடையதாகக் கருதத்தக்க சிதைவுகள் கிடைத்ததாக 2024 ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட ஏழரை ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டிலும் "இருந்தார்" என்று சொல்வதா, "இருக்கிறார்" என்று சொல்வதா என்ற திணறல் இருந்திருக்கும். இத்தகைய குடும்பங்களிடமும் தோழர்களிடமும் "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று அவசரப்படுத்துவது கொடுமை. நம்பிக்கையும் துக்கமும் ஒரே நாளில் மாறி மாறி வருவது இங்கே இயல்பு.

விபத்து நடந்ததும் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் கட்டாயமாகப் பேசவைக்கும் ஒற்றை அமர்வு ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னாளைய மனப் பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதில் 2011-இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, யாருக்கு என்ன தேவை என்று பார், கேள், உதவியோடு இணை என்ற எளிய வரிசையைச் சொல்கிறது. பேச விரும்பாதவரைப் பேசவைக்கத் தேவையில்லை.

நான்காம் நாள் பறந்தவர் துக்கப்படவில்லை என்றும் பொருளல்ல. இழப்புக்குள் மூழ்குவதும், வெளியே வந்து வேலையைப் பார்ப்பதும் மாறி மாறி நிகழ்வதே ஆரோக்கியமான துக்கம் என்று ஸ்ட்ரோப், ஷுட் ஆகிய ஆய்வாளர்கள் 1999-இல் முன்வைத்த கருத்து, என் அனுபவத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு பக்கமே நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். தாங்க முடியாத ஏக்கம் ஆறு மாதங்களுக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கினால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் கருதுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, பெரியவர்களுக்கு ஓராண்டை எல்லையாக வைக்கிறது. ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம், பறக்கும்போது வேண்டுமென்றே ஆபத்தைத் தேடுவது, குடியில்லாமல் இரவைக் கடக்க முடியாமை ஆகியவற்றுக்கு எந்தக் காலக்கெடுவும் கிடையாது. அன்றே உதவி தேட வேண்டும்.

மறைந்த தோழருக்கு அஞ்சலியாக விமானங்கள் அணிவகுத்து வரும்போது, ஒன்று மட்டும் பிரிந்து மேலே ஏறிச் செல்லும். கீழே நிற்பவர்கள் அதைப் பார்த்து அழுகிறார்கள். உள்ளே இருப்பவர்களால் அழ முடியாது. பக்கத்து இறக்கைக்கும் தம் இறக்கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அவர்கள் காக்க வேண்டும், தலைக்கவசக் கண்ணாடிக்கு அடியில் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. இறங்கியதும் அவர்களை ஒரு மணி நேரம் தனியாக விடுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டுவருகிறேன். சில அதிகாரிகள் அதற்கு இசைந்திருக்கிறார்கள்.

வளைகோடு வரைந்த விமானியிடம், விசாரணை முடியாத நிலையில் "தப்பில்லை" என்றோ "தப்புதான்" என்றோ சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்றும், "அதை இப்போது என்னால் சொல்ல முடியாது" என்பது உண்மையான பதில் என்றும் சொன்னேன். இரண்டு வாரம் யோசித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனார். அவர் சொன்னதைக் கேட்டு நண்பரின் மனைவி சற்று நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, "சரி அண்ணா, அதை அப்புறம் கேட்டுக்கறேன். அங்க அவர் எப்படி இருப்பார்னு சொல்லுங்க, எனக்கு வீட்டுல இருந்தவரை மட்டும்தான் தெரியும்" என்றாராம். தொண்டையைச் செருமும் கதையில் தொடங்கி இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்.

அன்று இரவு தூங்கினீர்களா என்று கேட்டேன். சரியாகத் தூங்கவில்லை என்றார். ஆனால் கண்ணை மூடியபோது அந்த மலைச்சரிவு வரவில்லையாம்.