தண்ணீர்ப் பொறியியல் படிக்க வெளிநாடு போகும் பெண்கள்: எந்த உதவித்தொகை, என்ன விதி?

28 நாடுகளில் உள்ள 64 குடிநீர், கழிவுநீர் நிறுவனங்களை ஆராய்ந்து உலக வங்கி 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்கே 100 ஊழியர்களில் சராசரியாக 18 பேர்தான் பெண்கள். வீட்டு வளாகத்தில் தண்ணீர் இல்லாத குடும்பங்களிலோ, பத்தில் ஏழில் தண்ணீர் எடுத்து வருவது பெண்களும் சிறுமிகளும்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023-இல் தந்த கணக்கு. இந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, தண்ணீர், சுற்றுச்சூழல் பொறியியலில் வெளிநாட்டு மேற்படிப்பு. அதற்கு உதவித்தொகைகள் இருக்கின்றன. ஆனால் தேடும்போது பலர் 'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதியிருப்பதை மட்டுமே தேடுகிறார்கள். முதுநிலைப் படிப்புக்கான பணம் பெரும்பாலும் இருபாலருக்குமான பொதுத் திட்டங்களில்தான் இருக்கிறது. அவற்றின் விதிகளில் எது பெண்களுக்குக் கைகொடுக்கும், எது காலை வாரும் என்று தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பதுதான் காரியம்.

முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ். பல பல்கலைக்கழகங்கள் கூட்டணி சேர்ந்து நடத்தும் முதுநிலைப் படிப்பு இது. மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். இரண்டுமே அவர் குடியிருக்கும் நாடாக இருக்கக் கூடாது. நிலத்தடி நீர் பற்றிய ஒரு படிப்பை எடுத்துக்கொண்டால், லிஸ்பனில் தொடங்கி, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரிலுள்ள ஐ.எச்.இ. நீர்க்கல்வி நிறுவனத்துக்குப் போய், அப்புறம் ஜெர்மனியின் டிரெஸ்டன். தேர்வாகிறவருக்கு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். கூட்டினால் 33,600 யூரோ. படிப்புக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டாம், காப்பீடும் உண்டு. வயது வரம்பு கிடையாது. இளநிலைக் கடைசி ஆண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். சேர்வதற்குள் பட்டம் கையில் இருந்தால் போதும்.

இதில் மூன்று விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. விமான டிக்கெட், விசா, குடியேறும் செலவு எல்லாமே அந்த 1,400-க்குள் அடக்கம். முதல் மாதப் பணம் பெரும்பாலும் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும் என்பதால், டிக்கெட்டுக்கும் முதல் வாடகைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, ஒரு படிப்பின் மொத்த உதவித்தொகைகளில் ஒரே நாட்டவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. ஆகவே விண்ணப்பங்கள் குவியும் நாட்டைச் சேர்ந்தவருக்குப் போட்டி சொந்த நாட்டுக்காரர்களோடுதான்; ஒரே படிப்பை நம்பி உட்கார வேண்டாம். மூன்றாவது, 'அட்மிஷன் கிடைத்துவிட்டது' என்பதும் 'ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. சொந்தச் செலவில் படிக்கவும் இடம் தருவார்கள். கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கொண்டாடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தாலும் மனம் தளர வேண்டாம். மேலே உள்ளவர் வேண்டாம் என்றால் இடம் கீழே வரும்.

அடுத்து, வேலை அனுபவம் கேட்கும் திட்டங்கள். பெண்களை அதிகம் கவிழ்ப்பது இங்கேதான். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. (DAAD), வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கு ஈ.பி.ஓ.எஸ். (EPOS) என்ற திட்டத்தில் உதவித்தொகை தருகிறது. தண்ணீர்ப் பொறியியலும் அதில் உண்டு. குறைந்தது இரண்டாண்டு அனுபவம் வேண்டும்; கடைசியாக வாங்கிய பட்டம் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பட்டம் வாங்கி, மூன்றாண்டு வேலை பார்த்து, பிள்ளைப்பேற்றுக்காக நான்காண்டு வீட்டில் இருந்தவர் என்ன ஆவார்? அனுபவம் இருக்கிறது, பட்டம் பழசாகிவிட்டது. விதி பெண்ணென்றோ ஆணென்றோ சொல்லவில்லை. ஆனாலும் அது யார் மேல் விழுகிறது என்பது தெரிந்ததே. ஆகவே இதற்கு விண்ணப்பிக்க நினைப்பவர் தள்ளிப்போடாமல் சீக்கிரமே செய்துவிட வேண்டும்.

பிரிட்டன் அரசின் செவனிங் திட்டம் வேறு மாதிரி கணக்குப் போடுகிறது. 2,800 மணி நேர அனுபவம், அவ்வளவுதான். வாரம் 40 மணி நேரம் என்றால் 70 வாரம். பகுதி நேரமாக 20 மணி நேரம் என்றால் 140 வாரம். ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டியதில்லை. விட்டுவிட்டு வேலை பார்த்த பெண்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவோ மேல். படித்து முடித்ததும் சொந்த நாட்டில் இரண்டாண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

குடும்பத்தோடு போக முடியுமா? செவனிங் குடும்பச் செலவைத் தராது. டி.ஏ.ஏ.டி. சில நிபந்தனைகளோடு உடன் வரும் குடும்பத்துக்கும் படி தருகிறது. பிரிட்டன் தரும் காமன்வெல்த் உதவித்தொகையில், கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் ஆகியோருக்குக் குழந்தைப் படி இருக்கிறது.

பெண்களுக்கென்றே உள்ளவை பெரும்பாலும் பிஎச்டி நிலையில்தான் கண்ணில் படுகின்றன. இத்தாலியின் திரியெஸ்தேயில் இயங்கும் ஓ.டபிள்யூ.எஸ்.டி. (OWSD) என்ற, வளரும் நாடுகளின் பெண் அறிவியலாளர்களுக்கான அமைப்பு, அறிவியலில் பின்தங்கியதாகப் பட்டியலிட்ட நாடுகளின் பெண்களுக்கு, வளரும் நாடு ஒன்றில் பிஎச்டி செய்ய உதவுகிறது. சொந்த நாட்டில் பதிவு செய்துவிட்டு, ஆய்வின் சில பகுதிகளுக்கு மட்டும் வெளிநாடு போய்வரும் 'சாண்ட்விச்' முறையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் வீட்டை விட்டு இருக்க முடியாதவருக்கு இது பொருந்தும். 2004-இல் ஷ்லம்பர்ஜர் அறக்கட்டளை தொடங்கிய 'ஃபாகல்டி ஃபார் தி ஃபியூச்சர்' உதவித்தொகை, சொந்த நாட்டுக்குத் திரும்பிக் கல்விப் பணியில் ஈடுபட விரும்பும் பெண்களுக்கானது. இவை அந்தந்த ஆண்டு விண்ணப்பம் வாங்குகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விண்ணப்பக் கடிதம். 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்க ஆசை வரும். தேர்வுக்குழுவுக்கு அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை. 'குழாய்த் தொடரின் கடைசி வீடுகளில் எச்சக் குளோரின் (கிருமியைக் கொல்லச் சேர்த்ததில் மிஞ்சுவது) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போனது. அளவெடுத்து, எந்தத் தொட்டியில் பிரச்சினை என்று கண்டுபிடித்தேன்' என்று எழுதினால், இவருக்கு வேலை தெரியும் என்பது தெரிந்துவிடும். அப்படி எதுவும் செய்ததில்லையா? கல்லூரிப் புராஜெக்டில் கழிவுநீரின் பி.ஓ.டி. (அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு) அளந்தபோது எங்கே தப்பு செய்தீர்கள் என்பதைக்கூட எழுதலாம்.

பணிச் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதி நேரமா என்பது மூன்றும் இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் பட்டச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் திருமணச் சான்றோ பெயர் மாற்ற ஆவணமோ, அதன் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்போடு தயாராக இருக்கட்டும். இதைக் கடைசி வாரத்தில் தொடங்கினால் நடக்காது.